ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்

மனநல ஆலோசனையில் முதுகலை. மாலை வகுப்பு, மூன்றாண்டு.
ஏன் இந்தப் படிப்பு என்கிறது முதல் கட்டம்,
ஐந்நூறு சொற்களுக்கு மிகாமல்.

டுலூத்தில் இரவு இரண்டு மணி.
கரையோரம் ஏரி இறுகிவிட்டது.
அவசர அழைப்பு மையம், நான்காம் மேசை.
சொந்தக் கணினிக்கு இங்கே அனுமதியில்லை;
ஷிப்ட் தாளின் முதுகில் பென்சிலால் எழுதுகிறேன்,
பத்துச் சொல்லுக்கு ஒரு கோடு.

"சிறு வயதிலிருந்தே பிறருக்கு உதவுவதில்"
நான்கு சொல். அடித்தேன்.
சிறு வயதில் தம்பி ரெய்னோவின் ஸ்கேட்டுகளை விற்று
மிட்டாய் தின்றவள் நான்.

பரிந்துரைக் கடிதம் மூன்றில் ஒன்று வந்துவிட்டது.
மேலதிகாரி பெர்க்ஸ்டாட் எழுதியது:
நேரம் தவறாதவர். குரல் உயர்த்தாதவர்.
பனிப்புயல் அன்று நடந்தே வந்தார்.
அந்த மனிதர் வாயிலிருந்து
இதைவிட நீளமாக எதுவும் வந்து நான் கேட்டதில்லை.

மணி அடிக்கிறது.
பக்கத்து வீட்டுக்காரன் தன் பனியை
என் வாசலில் தள்ளுகிறான் என்கிறது ஒரு குரல்.
இந்நேரத்திலா? இந்நேரத்தில்தான்.
முகவரி சொல்லுங்கள்.

எங்கள் முதல் கேள்வி எப்போதும் அதுதான்.
எங்கே இருக்கிறீர்கள்?
எப்படி இருக்கிறீர்கள் என்பது பட்டியலில் இல்லை.
பதினோரு ஆண்டுகளாகக் காது கொடுக்கிறேன்.
கொடுத்த காது முழுசாய்த் திரும்புவதில்லை:
வீட்டில் கெண்டி சீழ்க்கையடித்தால்
கை தானாக விசைப்பலகையைத் தேடுகிறது.

நவம்பரில் ஒருவர் அழைத்தார்.
வெகுநேரம் குளிர்பதனப் பெட்டியின் முனகல் மட்டும்.
தரையில் ஒரு நாயின் நகங்கள்.
பிறகு சொன்னார்: நாய்க்குச் சோறு வைத்துவிட்டேன்.
அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது.
நாயின் பெயர் கேட்டேன். அதன் வயது கேட்டேன்.
எந்தக் காது தொங்கும், எந்தக் காது நிற்கும்.
பத்தொன்பது நிமிடம்.
பின் கதவு தட்டும் ஓசை, வேறு குரல்கள், பூட்ஸ்.
இணைப்பு அறுந்தது.
அடுத்த அழைப்பு, பள்ளத்தில் இறங்கிய ஒரு கார்.

அதை எழுது என்கிறாள் டெஸ்ஸா, ஐந்தாம் மேசையிலிருந்து,
சிப்ஸ் பொட்டலத்தைக் கிழித்தபடி.
அதை எழுதினால் கண்ணை மூடிக்கொண்டு இடம் கொடுப்பார்கள்.
எழுதினேன். இருநூற்றுப் பன்னிரண்டு சொல்.
நன்றாகத்தான் வந்திருந்தது, அதுதான் பயமாக இருந்தது.
அது அவருடைய இரவு.
என் சேர்க்கைக்கு அதை எப்படி அடகு வைப்பேன்?
நான்காய் மடித்துத் துண்டாக்கும் இயந்திரத்தில் விட்டேன்.
டெஸ்ஸா ஒன்றும் சொல்லவில்லை,
பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

எனக்கு வேண்டியது இவ்வளவுதான்:
கதவு திறந்த பிறகும் நான் இருக்க வேண்டும்.
அடுத்த வியாழன், அதற்கடுத்த வியாழன்.
நாய் எப்படி இருக்கிறது என்று கேட்க.
இதை எத்தனை விதமாக எழுதினாலும்
ஒன்றரைக் கோட்டைத் தாண்டவில்லை.

மதிப்பெண் பட்டியலை நகல் எடுத்து வைத்திருக்கிறேன்.
1999, இலையுதிர் பருவம். புள்ளியியலில் டி.
மற்ற மூன்றும் முடிக்கப்படவில்லை.
அந்தப் பருவம் முழுக்க நான் ஒரு போர்வைக்கு அடியில் இருந்தேன்.
அறைத்தோழி பகலில் படித்தாள், இரவில் விளக்கணைத்தாள்.
எங்கே இருக்கிறாய் என்று கேட்க வேண்டிய அவசியம் யாருக்குமில்லை,
எல்லோருக்கும் தெரியும், படுக்கையில்.

விண்ணப்பத்தின் கடைசிப் பக்கம், பொடி எழுத்தில்:
மதிப்பெண் குறைவுக்கு விளக்கம் ஏதுமிருப்பின்
தனித்தாளில் இணைக்கலாம். கட்டாயமில்லை.

மூன்றரை மணி. பென்சில் மழுங்கிவிட்டது.
டெஸ்ஸாவிடம் பேனா வாங்கினேன்.
புதிய தாளின் தலையில் ஆண்டை எழுதிவிட்டு
அந்த வரியை மறுபடி படித்தேன்.
அதற்குச் சொல் வரம்பு எதுவும் போடவில்லை.